தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் மிஷன் பள்ளி ஆங்கில ஆசிரியரும்

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு நகரத்து இடைநிலைப்பள்ளிக்குள் காலடி வைக்கும் பிள்ளை, அறிவுக்குறைவினால் தடுமாறுவதில்லை. அது கற்று வந்த மொழி ஒன்று. அங்கே பாடம் நடத்தப்படும் மொழி வேறொன்று. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையிலுள்ள தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்துப் பெற்றோர்களாயினும் சரி, நாட்டின் வேறெந்தத் தோட்டத்துப் பெற்றோர்களாயினும் சரி, இத்தடுமாற்றத்தைத் தம் வீட்டிலேயே கண்டிருப்பர். இதனைத் தீர்க்கும் பொறுப்பு ஒரு காலத்தில் பெரிதும் ஆங்கில ஆசிரியரின் தோள்மீது சுமத்தப்பட்டிருந்தது. கத்தோலிக்க மிஷன் பள்ளிகளில் அவ்வாசிரியர் ஆற்றிய பணி யாது என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அப்பணியின் தன்மை இன்றும் மாறிவிடவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டன. அதற்கப்பால் செல்லத் தேர்வு ஒன்று குறுக்கே நின்றது. அத்தேர்வு 1964-இல் நீக்கப்பட்டு, 1965 முதல் தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகள் அனைவரும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் வழி திறக்கப்பட்டது. கதவு திறந்தது; ஆனால் உள்ளே பேசப்பட்ட மொழி புரியவில்லை. எனவே தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் பிள்ளைகள் முதலாம் படிவத்திற்கு முன் ஓராண்டு மொழிப்பயிற்சி பெற்றனர். அதுவே புகுமுக வகுப்பு. ஆங்கிலத்தில் அதற்கு 'ரிமூவ் வகுப்பு' என்று பெயர். இங்கிலாந்தின் பழம்பெரும் பள்ளிகளில் நான்காம் படிவத்திற்கும் ஐந்தாம் படிவத்திற்கும் நடுவே இருந்த வகுப்பின் பெயர் அது. பெயரைச் சூட்டியவர்கள், அது காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 'ரிமூவ்' என்றால் அகற்றுவது. தம் பிள்ளை அகற்றப்பட்டுவிட்டது என்று ஒரு தாய் கலங்கினால் அவர்மீது குறை சொல்ல இயலுமா?

கத்தோலிக்கச் சபையினர் நடத்திய பள்ளிகள் இந்நாட்டு ஆங்கிலக் கல்வியில் முன்னணியில் இருந்தவை. லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியர்களும் 1852-இல் பினாங்கில் கால் பதித்தனர். கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வெண்ட் 1899-இலும் செயின்ட் ஜான் கல்விக்கூடம் 1904-இலும் தோன்றின. கிள்ளானிலும் லா சால் பள்ளியும் கான்வெண்டும் உள்ளன. லா சால் சகோதரர்களின் சபையை நிறுவியவர் பிரான்சு நாட்டின் ரெய்ம்ஸ் நகரில் 1651-இல் பிறந்த ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் என்னும் பாதிரியார். அக்காலத்தில் அந்நாட்டு ஏழைப் பிள்ளைகளும் வாசிக்கக் கற்கையில் லத்தீன் மொழியிலேயே தொடங்கினர். வீட்டில் பேசாத மொழியில் எழுத்துக் கூட்டிய பிள்ளைகள் இரண்டும் கல்லாமல் பள்ளியை விட்டனர். இதனைக் கண்ட அவர், முதலில் பிரெஞ்சு, பின்னரே லத்தீன் என்று வரிசையை மாற்றினார். தன் மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி எளிது என்பது அவர் கண்ட உண்மை. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளே இந்நாட்டில் முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தை ஊடகமாகக் கொண்டன என்பது வரலாற்றின் விந்தை. ஆயினும் தாய்மொழியிலேயே கற்பித்த மிஷன் பள்ளிகளும் இல்லாமல் இல்லை. ஈப்போவின் செயின்ட் ஃபிலோமினா கான்வெண்ட் தமிழ்ப்பள்ளி அவற்றுள் ஒன்று.

மதத்தைப் பற்றிய ஐயம் சில பெற்றோர்களுக்கு எழுவதுண்டு. தன் மதமல்லாத மதத்தின் போதனையைப் பெறுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு கூறுகின்றது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் மதத்தை முடிவு செய்யும் உரிமையும் பெற்றோர் அல்லது பாதுகாவலருடையதே.

இனி, வகுப்பறைக்குள் செல்வோம். மொழியறியாத பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரின் முதல் வேலை பேசவைப்பதன்று, கேட்கவைப்பது. புதிய மொழியைச் சந்திக்கும் பிள்ளை சில வாரங்கள், ஏன் சில மாதங்கள்கூட, வாய் திறவாமல் இருக்கக்கூடும். அது மந்தபுத்தி அன்று. காது வேலை செய்துகொண்டிருக்கின்றது. பொருளைக் காட்டியும் படத்தைக் காட்டியும் சைகை செய்தும் ஆசிரியர் சொற்களை உள்ளே சேர்க்கின்றார். இக்காலத்தில் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, பிறர் சிரிக்கும்படி வாசிக்கச் சொல்லும் ஆசிரியர், ஒரு நொடியில் ஓராண்டு உழைப்பைக் கெடுத்துவிடுவார்.

அடுத்தது ஒலி. தமிழில் 'பேக்' என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது தோளில் மாட்டும் பையாகவும் இருக்கலாம், முதுகாகவும் இருக்கலாம், மூட்டை கட்டுவதாகவும் இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு ஒலியுடைய மூன்று சொற்கள். நம் எழுத்தோ மூன்றுக்கும் ஒன்றே. ஆகவே ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்ளும் பழக்கத்தை நல்லாசிரியர் மெல்ல மெல்ல விடச்செய்வார். வாக்கிய அமைப்பும் வேறு. 'அப்பா மரம் வெட்டுகிறார்' என்று வினையை இறுதியில் வைப்பது நம் மரபு. ஆங்கிலமோ வினையை நடுவில் வைக்கும். 'எ' என்றும் 'தி' என்றும் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சிறு சொற்களுக்குத் தமிழில் இணையே இல்லை. அவற்றை விட்டுவிட்டு எழுதும் பிள்ளை கவனக்குறைவினால் எழுதவில்லை. தமிழின் இயல்புப்படி எழுதுகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியர் திருத்துவார், அறியாதவர் அடிப்பார்.

மூன்றாவது வேலை, ஆங்கிலப் பாடத்திற்கு வெளியே உள்ளது. அதுவே மிகப் பெரியது. ஒருவனிடம் 15 பழங்களும் மற்றொருவனிடம் 9 பழங்களும் உள்ளன. முதல்வனிடம் எத்தனை அதிகம் என்று கணக்கில் கேட்கின்றார்கள். ஆங்கிலத்தில் அவ்வினாவில் 'மோர்' என்ற சொல் வரும். அச்சொல்லைக் கண்டவுடன் கூட்டலென்று எண்ணிப் பிள்ளை 24 என எழுதிவிடுகின்றது. கணக்கு ஆசிரியர் சுழியம் போடுகின்றார். கழிக்கத் தெரியாமலா அது பிழைத்தது? ஆங்கில ஆசிரியர் தலையிட்டு, 'இது கணக்குப் பிழையன்று, மொழிப்பிழை' என்று சக ஆசிரியரிடம் எடுத்துரைக்க வேண்டும். அறிவியலிலும் அவ்வாறே. பால்மரம் வெட்டும்போது கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரத்தில் காயம்பட்டுப் புதுப்பட்டை ஒழுங்காக வளராது என்பதும், பாலில் ஆசிட் கலந்தால் உறையும் என்பதும் தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். பாடநூல் கூறும் 'கேம்பியம்' என்பது கத்தி தொடக்கூடாத அந்த அடுக்குதான். தெரிந்த பொருளுக்குப் பெயர் ஒன்றைச் சேர்க்கின்றோம், அவ்வளவே. இதனைத் தோட்டத்துப் பிள்ளையின் வாயாலேயே வகுப்பில் சொல்லவைக்கும் ஆசிரியர், நகரத்துப் பிள்ளைகளின் நடுவே அதனைத் தலைநிமிரச் செய்கின்றார்.

இவ்வளவையும் ஓராண்டில் முடிக்க இயலுமா? கனடா நாட்டு அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒரு முக்கிய வேறுபாட்டைக் காட்டினார். விளையாட்டுத் திடலில் பேசும் மொழி சுமார் இரண்டாண்டில் வந்துவிடும். பாடநூலை வாசித்துத் தேர்வெழுதும் மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும் என்றார். நண்பர்களோடு ஆங்கிலத்தில் அரட்டையடிக்கும் பிள்ளை தேர்வில் தோற்பது இதனால்தான். புகுமுக வகுப்போடு ஆங்கில ஆசிரியரின் கடமை முடிந்துவிட்டது என்று கருதிய பள்ளிகளில் பிள்ளைகள் இரண்டாம் படிவத்திலும் மூன்றாம் படிவத்திலும் சறுக்கினார்கள் என்றால் அதில் வியப்பில்லை. பதினைந்து, பதினாறு வயதில் சறுக்கிய பிள்ளைக்குத் தோட்டத்தில் உளியும் வாளியும் காத்திருந்தன. வீட்டில் வருமானம் குறைவு. ஓராண்டு கூடுதலாகப் படித்தும் பயனில்லையே என்ற சலிப்பு வேறு. அந்தச் சலிப்பை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

ஆங்கிலப் பள்ளிகளில் 1970-இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய மலாய்மொழி மாற்றம் 1976-இல் முதலாம் படிவத்தை எட்டியது. புகுமுக வகுப்பும் அதற்கேற்ப மலாய்மொழிக்கான ஆண்டாயிற்று. இன்று மிஷன் பள்ளிகள் அரசாங்க உதவி பெற்று, தேசியக் கல்விமுறையிலேயே இயங்குகின்றன. ஆங்கிலம் அங்கே ஒரு பாடம். 2017 முதல் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டைத் தழுவி அப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் மேற்கூறிய ஒலியும் வாக்கியமும் 'மோர்' என்ற சொல்லும் அப்படியே இருக்கின்றன. மலாய்மொழி ஆசிரியரும் இன்று இதே பணியைச் செய்யவேண்டியவராகின்றார்.

பெற்றோர்களே, உங்கள் பங்கு ஆங்கிலம் பேசுவதன்று. அரைகுறை ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசுவதைவிட, நல்ல தமிழில் பேசுவதே அதற்கு உதவும். மாலையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, அன்று கற்ற அறிவியலையோ வரலாற்றையோ தமிழில் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் விளக்க முடிந்தால் பாடம் புரிந்திருக்கின்றது, மொழிதான் தடை; தமிழிலும் விளக்க முடியாவிட்டால் பாடமே புரியவில்லை. இவ்விரண்டில் எது என்பதை ஆசிரியரால் தனித்துக் கண்டறிவது கடினம், உங்களால் இயலும். பெற்றோர் கூட்டத்திற்கு அழைப்பு வந்தால், ஆங்கிலம் தெரியாது என்று கூசி நின்றுவிடாதீர்கள். தமிழறிந்த ஆசிரியர் ஒருவரை உடன் இருக்கச் செய்யுமாறு பள்ளியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். செல்லும்போது பிள்ளையின் கணக்கு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சிவப்பு மையால் அடிக்கப்பட்ட கணக்குகளில் எவை எண்ணால் பிழைத்தவை, எவை சொல்லால் பிழைத்தவை என்று ஆங்கில ஆசிரியரிடமே கேளுங்கள்.