விடை சரி... காரணம் தெரியுமா? வீட்டிலேயே கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல வழி

8 + 4 = ☐ + 5

இந்தக் கட்டத்துக்குள் என்ன எண் வரும்? 4-ஆம் வகுப்பு, 5-ஆம் வகுப்பு வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பல பிள்ளைகள் சட்டென்று "12" என்று எழுதிவிடும். சில பிள்ளைகள் கண்ணில் பட்ட எண்களை எல்லாம் கூட்டி "17" என்று எழுதும்.

சரியான விடை 7.

8-ம் 4-ம் சேர்ந்தால் 12. அந்தப் பக்கமும் 12 வர வேண்டும். அங்கே 5 இருக்கிறது. இன்னும் 7 தேவை. அவ்வளவுதான்!

அமெரிக்காவில் 1990-களில் கல்வி ஆராய்ச்சியாளர்கள் இதே கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 6-ஆம் வகுப்புப் பிள்ளைகள்கூட 12, 17 என்றுதான் எழுதினார்கள். அவர்களுக்குக் கூட்டல் தெரியாதா? தெரியும். ஆனால் "=" என்ற குறியை, "விடையை இங்கே எழுது" என்ற உத்தரவாக எண்ணிவிட்டார்கள். "இரண்டு பக்கமும் சமம்" என்பதுதான் அந்தக் குறியின் பொருள். அது அவர்கள் மனதில் பதியவில்லை.

கூட்டல், கழித்தலில் கெட்டியாக இருந்த பிள்ளை, அல்ஜீப்ரா வந்ததும் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அல்ஜீப்ரா என்றால் என்ன?

அல்ஜீப்ராவைத் தமிழில் "இயற்கணிதம்" என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

தியாகராயநகர் நகைக் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சவரன் 8 கிராம் என்பது தெரியும். 2 சவரன் 16 கிராம். 3 சவரன் 24 கிராம். இது சாதாரண எண் கணக்கு.

"எத்தனை சவரன் என்றாலும் சரி, அந்த எண்ணை 8-ஆல் பெருக்கு" என்று ஒரே பேச்சில் சொல்லிவிட்டால், அது அல்ஜீப்ரா. "எத்தனை" என்பதற்குப் பதில் "க" என்று ஓர் எழுத்தைப் போட்டால், 8 × க. அந்த "க" தங்கத்தைக் குறிக்கவில்லை. எத்தனை சவரன் என்ற எண்ணைக் குறிக்கிறது.

எண் கணக்கில் விடை கிடைத்தால் வேலை முடிந்தது. அல்ஜீப்ராவில் விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். விடையை மட்டும் தேடிப் பழகிய பிள்ளைக்கு விதி கண்ணில் படாது.

எந்த வழி நல்லது?

சென்னையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் குடும்பங்கள் சில இருக்கின்றன. பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலையில் தாங்களே கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் அவர்களைவிட மிக அதிகம். இரு சாராருக்கும் ஒரே கேள்விதான். எந்த வழியில் போவது?

உலகில் பல வழிகள் உண்டு. அவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

திண்ணைப் பள்ளி வழி

முதல் வழி நம் முன்னோர்களுடையது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். முழு எண்கள் மட்டுமல்ல, பின்னங்களும் அதில் உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கிக்கொண்டே போகும். மாகாணி என்றால் 16-ல் ஒரு பங்கு. காணி என்றால் 80-ல் ஒரு பங்கு. முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு!

நெல் அளக்கவும், நிலம் அளக்கவும், வரவு செலவு பார்க்கவும் இந்தப் படிப்பு கைகொடுத்தது. வாய்ப்பாடு நாக்கு நுனியில் நிற்கும். இது இந்த வழியின் பலம்.

ஜப்பான் தகப்பனார் வழி

இரண்டாவது வழி ஜப்பானில் ஒரு வீட்டில் பிறந்தது. தோரு குமோன் என்பவர் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர். அவருடைய மகன் தகேஷி, 2-ஆம் வகுப்பில் கணக்கில் பின்தங்கினான். 1954-ஆம் ஆண்டில், மகனுக்காகத் தகப்பனார் தினமும் ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்தார். பையன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தானே போடுவான். முதலில் மிகச் சுலபமான கணக்கு. மறுநாள் அதைவிட ஒரு சிறு படி மேலே.

6-ஆம் வகுப்பை எட்டும்போது தகேஷி, கல்லூரியை ஒட்டிய உயர் கணிதத்துக்கே வந்துவிட்டான்! இந்தத் தாள்கள்தான் பிறகு "குமோன்" என்ற பெயரில் உலகம் முழுவதும் பரவின.

தினமும் கொஞ்சம், நிதானமாக, தானே செய்வது. இது இந்த வழியின் பலம்.

அடையாறுக்கு வந்த அம்மையார்

மூன்றாவது வழி இத்தாலியில் பிறந்து, சென்னை அடையாறுக்கே வந்தது.

மரியா மாண்டிசோரி அம்மையார் ஒரு டாக்டர். 1907-ஆம் ஆண்டில் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1939-ஆம் ஆண்டில், பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஜார்ஜ் அருண்டேல், அவருடைய மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாறில் அவர் நடத்திய பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள்.

சில மாதங்களில் யுத்தத்தில் இத்தாலி குதித்தது. இத்தாலியர்கள் என்பதால் மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 1940 ஆகஸ்டு 31-ந் தேதி அம்மையாருக்கு 70-வது பிறந்த நாள். அன்று வைஸ்ராய் ஒரு பிறந்த நாள் பரிசு அனுப்பினார். என்ன பரிசு தெரியுமா? மகனுக்கு விடுதலை!

அவருடைய முறையில் குழந்தை முதலில் எண்ணை எழுதாது. கையால் தொடும். ஒற்றை மணி என்றால் 1. பத்து மணிகள் கோத்த கம்பி 10. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் 100. பத்துச் சதுரங்களை அடுக்கினால் 1,000. ஆயிரம் என்றால் எவ்வளவு கனம் என்பது குழந்தையின் கைக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு பொருளும் உண்டு. ஒரு சிறு பெட்டிக்குள் 8 மரக்கட்டைகள் இருக்கும். சிவப்பு, நீலம், கறுப்பு நிறங்களைப் பொருத்தி அடுக்கினால் ஒரே கனசதுரம் ஆகும். 4 வயதுக் குழந்தைக்கு அது விளையாட்டு. ஆனால் உயர்நிலைப் பள்ளியில் வரும் அல்ஜீப்ரா வாய்பாடு ஒன்று அதற்குள் அப்படியே இருக்கிறது! பெரியவனான பிறகு அதே கட்டைகளைப் பார்த்து அவன் அந்த வாய்பாட்டைப் புரிந்துகொள்வான்.

முதலில் கை, பிறகு கண், பிறகு எண், கடைசியில் எழுத்து. இது இந்த வழியின் பலம்.

ஒன்றை விட்டு ஒன்று இல்லை

ஒரு வீட்டுக்கு இந்த மூன்றும் வேண்டும். புதுப் பாடத்தைப் பொருளை வைத்துத் தொடங்குங்கள். புரிந்ததைத் தினமும் ஒரு தாளில் பழகட்டும். பழகியதை வாய்ப்பாடாக மனதில் நிறுத்தட்டும்.

வரிசையை மாற்றினால்தான் சங்கடம். புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, விடை சொல்லும், காரணம் சொல்லாது. புத்தகம் வாங்கும்போதும் இதைக் கவனியுங்கள். பக்கம் முழுவதும் கணக்காக இருந்தால் போதாது. "ஏன்?" என்று கேட்கும் இடம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விலை உயர்ந்த சாமான்கள் தேவை இல்லை. வீட்டில் இருப்பதே போதும்.

கொட்டாங்குச்சித் தராசு

ஒரு குச்சியின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இரு முனையிலும் ஒரே அளவான கொட்டாங்குச்சிகளைக் கட்டுங்கள். தராசு தயார். ஒரே அளவுக் கோலிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பார்க்காதபோது மெல்லிய காகிதத்தில் 5 கோலிகளைப் பொட்டலம் கட்டுங்கள். ஒரு தட்டில் பொட்டலமும் 3 கோலிகளும். மறு தட்டில் 8 கோலிகள். தராசு நேராக நிற்கும்.

"பொட்டலத்தில் எத்தனை?" என்று கேளுங்கள். இரு பக்கமும் 3 கோலிகளை எடுத்தால், பொட்டலத்துக்கு எதிரே 5 நிற்கும். "=" என்றால் தராசு என்பது அன்றோடு பதிந்துவிடும். முதல் சமன்பாட்டையும் பிள்ளை போட்டாகிவிட்டது!

புளியங்கொட்டைச் சதுரம்

5 வரிசை, வரிசைக்கு 5 என்று 25 புளியங்கொட்டைகளைச் சதுரமாக வையுங்கள். மூன்றாவது வரிசைக்குக் கீழே ஒரு குச்சி. மூன்றாவது நிரலுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி. இப்போது நான்கு பகுதிகள். 9, 6, 6, 4.

5 என்பது 3 + 2. அதை அதனாலேயே பெருக்கினால் 25. ஆனால் பெரிய வகுப்பில் பலர் 3 × 3 = 9, 2 × 2 = 4, மொத்தம் 13 என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். விட்டுப் போன 12 எங்கே? இரண்டு 6-களாகக் கண் எதிரே கிடக்கிறது. கொட்டையை வைத்துப் பார்த்த பிள்ளை அதை மறக்காது.

கோலத்தில் அல்ஜீப்ரா

சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன். கணித மேதை ராமானுஜத்தைப் பற்றிய நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் திரட்டி வெளியிட்டவர். 2005-ல் காலமானார். அல்ஜீப்ராவை வடிவங்களின் மொழியாகச் சொல்லித் தர வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

நம் வாசலிலேயே அந்த வடிவம் இருக்கிறது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், மயிலாப்பூர் விழாவின்போது கோலப் போட்டி நடப்பது பலருக்கும் தெரியும். நடு வரிசையில் 3 புள்ளி, மேலேயும் கீழேயும் 2, 1 என்று குறைத்து இடுக்குப் புள்ளி வையுங்கள். மொத்தம் 9. நடுவில் 4 வைத்தால் மொத்தம் 16. நடுவில் 5 வைத்தால் 25.

"நடுவில் 10 வைத்தால்?" என்று கேளுங்கள். எண்ணாமலே 100 என்று பிள்ளை சொன்னால், விதியைக் கண்டுபிடித்துவிட்டது. நடு வரிசை "க" என்றால் மொத்தம் க × க. எழுத்து எதற்கு என்று இனி விளக்கவே வேண்டாம்.

அவசரம் வேண்டாம்

தமிழ்நாடு அரசுப் பாடநூலில் 6-ஆம் வகுப்பில்தான் இயற்கணிதம் அறிமுகம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை முந்திவிட்டது என்று ஓட வேண்டாம். அடுத்த படிக்குப் போகும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதைப் படம் போட்டுக் காட்டுகிறதா?

2. தொடக்கத்தில் சொன்ன கட்டக் கணக்குக்கு 7 என்று சொல்கிறதா?

3. தன் விடைக்குக் காரணத்தைத் தன் வார்த்தையில் சொல்கிறதா?

மூன்றுக்கும் "ஆம்" என்றால் துணிந்து போகலாம். இல்லை என்றால் கோலிக்கும் கொட்டைக்கும் திரும்புங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

பரீட்சைக்கு என்ன செய்வது?

பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் இதை முன்னதாகவே யோசிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று சொல்கிறது. அதையும் மனதில் கொண்டு முடிவு எடுக்க வேண்டும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்ற மத்திய அரசு நிறுவனம் 1989-ல் தொடங்கப்பட்டது. 14 வயது நிறைந்தவர்கள் அதன் மூலம் 10-ஆம் வகுப்புத் தேர்வு எழுதலாம். தமிழ்நாடு அரசும் தனித்தேர்வர்களுக்கு 8-ஆம் வகுப்புத் தேர்வு நடத்துகிறது. விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பாடநூலுக்குச் செலவு இல்லை. 1-ஆம் வகுப்பு முதல் தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனிலேயே படிக்கலாம்.

அதிகம் படிக்காத தாய்மார்களும் இந்த வேலையைச் செய்யலாம். பிள்ளை ஒரு விடை சொன்னதும், "சரி", "தப்பு" என்று சொல்லும் முன், "எப்படிக் கண்டுபிடித்தாய், கண்ணு?" என்று கேளுங்கள். அதைச் சொல்லிப் பழகிய பிள்ளை, எழுத்தைக் கண்டு பயப்படாது.