கருவாட்டுப் பூஞ்சை: உப்பில்லாத தட்டில் வளராது

கருவாட்டில் பூசணம் பூத்தால் "கெட்டுப்போச்சு"ன்னு தூக்கிப் போடுறோம். ஆனா பூத்தது எது? அதைத் தெரிஞ்சுக்க வளர்த்துத்தான் பார்க்கணும். சிக்கலே அங்கதான்.

பச்சை மீனின் நீர்ச்செயல்பாடு, அதாவது நுண்ணுயிர்கள் பயன்படுத்தக்கூடிய ஈரத்தின் அளவு, சுமார் 0.99. உப்பு முழுக்க ஊறிய மீனில் அது 0.75 வரை இறங்கும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளராது. உப்பைத் தாங்கும் பூஞ்சைகளுக்கு அது தோது.

நிறம் ஒரு தடயம் மட்டுமே:

- மிளகுத்தூள் தூவியது போல் பழுப்புப் புள்ளிகள்: வாலெமியாவாக இருக்கலாம்.
- சுண்ணாம்பு வெள்ளை: பாலிபீசிலம் பிஸ்ஸே. இந்தோனேசியக் கருவாட்டிலிருந்து 1985-ல் விவரிக்கப்பட்டது.
- மஞ்சள் கலந்த பச்சை: அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸாக இருக்கலாம்.
- இளஞ்சிவப்புப் பிசுக்கு: பூஞ்சையே இல்லை, உப்பை விரும்பும் ஆர்க்கியா.

வழக்கமான உருளைக்கிழங்கு அகாரில் தேய்த்தால், காற்றில் வந்து ஒட்டிய விதைத்துகள்தான் முதலில் முளைக்கும். வாலெமியா இக்தியோஃபாகாவுக்கோ (பெயருக்கே 'மீன் தின்னி'ன்னுதான் அர்த்தம்) 10% அளவுக்காவது உப்பு வேணும். அதனால உப்பில்லாத தட்டு, 10% உப்புப் போட்ட மால்ட் அகார் தட்டு ரெண்டிலும் தேய்த்து, 25 டிகிரியில் சில வாரம் பொறுக்கணும். உப்புத் தட்டில் மட்டும் வளர்வதுதான் கருவாட்டின் அசல் குடித்தனக்காரர். தட்டை மூடியே வைங்க, சமையலறைப் பக்கம் வேண்டாம்.

ஃபிளேவஸ் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கக்கூடியது. கழுவினாலும் பொரிச்சாலும் அது முழுசாப் போகாது. பூத்த கருவாடு ஆராய்ச்சிக்கு மட்டும், குழம்புக்கு இல்லை.