முதல் பால் கன்றுக்கே!

சகோதரிகளே, மாடு வளர்க்கும் வீட்டுப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். "நஞ்சுக்கொடி விழுற வரைக்கும் கன்றுக்குப் பால் விடக் கூடாது" என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். இந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை கன்றுகள் போயினவோ!

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் வந்து சேர்ந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. அதனால் கன்றுக்குப் பிறக்கும்போது அந்தச் சக்தி அநேகமாக இருப்பதில்லை. அதற்குத் தாய் தரும் சீதனம்தான் சீம்பால். அதிலுள்ள சக்தியைக் கன்றின் குடல் முதல் சில மணி நேரம்தான் அப்படியே ரத்தத்தில் சேர்க்கும். நேரம் ஆக ஆக அது குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றே போகும். அப்புறம் குடித்தால் பசிதான் அடங்கும்.

எங்கள் அடுத்த தெருவில் போன வருடம் ஒரு கிடேரிக் கன்று ராத்திரியில் பிறந்தது. நஞ்சு விழ மறுநாள் மதியம் ஆனது. அப்புறம்தான் பால் விட்டார்கள். அதிலும் பாதி, கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கம் போய்விட்டது. ஐந்தாம் நாள் கழிச்சல் கண்டு கன்று செத்தது. "கண் பட்டுவிட்டது" என்றார்கள். கிடேரி என்றால் மூன்று வருடத்தில் கறவை மாடாச்சே! மாட்டை நம்பிப் பிழைக்கும் அந்த அம்மாவுக்கு எவ்வளவு நஷ்டம்!

அதைப் பார்த்ததும், எங்கள் மாடு சினையாக இருந்தபோதே கால்நடை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். மாமியார் முதலில் முணுமுணுத்தார். "கன்று முட்டிக் குடித்தால் கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு விழவும் உதவும்மா" என்று டாக்டரே சொன்னதும் சம்மதித்தார். எங்கள் கன்று இப்போது துள்ளி விளையாடுகிறது.

டாக்டர் சொன்னவை இவை:

* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். எழுந்திருக்க முடியாத கன்றுக்குக் கறந்து, புட்டியில் நிதானமாகப் புகட்டலாம்.

* முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். மூன்று நான்கு தடவையாகக் கொடுங்கள். அதில் பாதி முதல் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போகட்டும்.

* சீம்பாலைக் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். சக்தி கெட்டுவிடும்.

* தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் தடவுங்கள். கிருமி அந்த வழியாகவும் ஏறும்.

* மிஞ்சியதை ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தால், தாயை இழந்த வேறொரு கன்றுக்கு உதவும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரத்தை வைத்து இளக்கிக் கொடுங்கள்.

வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்த சீம்பால் யாருக்குத்தான் பிடிக்காது? தாராளமாகச் செய்யுங்கள், அக்கம்பக்கமும் கொடுங்கள். ஆனால் கன்றின் வயிறு நிறைந்தது போக மிச்சத்தில் மட்டும்!

- ஒரு வாசகி, கோபி