கைப்பேசியில் தச்சுவேலை பழகலாமா?

அலுவிகாரைக் குகைக்கோயிலுக்குப் போனவர்கள், ஓலையில் எழுதிக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எழுத்தாணியால் முதலில் கீறல். மை பூசுவது அப்புறம்தான். தச்சுவேலையிலும் முதல் பாடம் கீறல்தான். பென்சில் கோட்டை மட்டும் நம்பி வாளை வைத்தால் மரத்தின் விளிம்பு பிய்ந்துபோகும். மூலைமட்டத்தை வைத்துக் கூரான கத்தியால் கீறினால் நார் சுத்தமாக அறுபடும். கீறலை ஒட்டி, கழிவுப் பக்கத்தை உளியால் கொஞ்சம் சீவி எடுத்துவிட்டால் சின்னச் சுவர் மாதிரி நிற்கும். வாள் அதில் சாய்ந்து நேராக இறங்கும்.

இதையெல்லாம் யூடியூப்பில் காசு வாங்காமல் காட்டித்தருகிறவர் போல் செல்லர்ஸ் என்ற இங்கிலாந்துத் தச்சர். பேச்சு ஆங்கிலம்தான், ஆனாலும் கை செய்வது எல்லோருக்கும் விளங்கும். படத்தை நிறுத்தி நிறுத்தி, வேகத்தைக் குறைத்துப் பாருங்க. ஒரு பாடத்தில், மரக்கட்டை ஒன்றில் சாய்வாகத் துளையிட்டு அதில் உளியைச் செருகி, பள்ளத்தின் அடியைச் சமமாகச் சீவும் கருவியாக்கிக் காட்டுகிறார். அதற்கென்று தனிக்கருவி வாங்கத் தேவையில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய காரியம்.

பழக ஒரு வாள், ஒரு முக்கால் அங்குல உளி, சுத்தியல், மூலைமட்டம், கத்தி போதும். கண்ணாடித் துண்டில் உப்புத்தாளை ஒட்டினால் உளி தீட்டலாம். உளி பிடிக்கும்போது இரண்டு கைகளும் கூருக்குப் பின்னால் இருக்க வேணும். மொட்டை உளிதான் கூர் உளியைவிட ஆபத்து. பலமாகத் தள்ளும்போது வழுக்கிக் கையில் ஏறிவிடும்.

வீடியோவுக்கு ஒரு குறை உண்டு. உங்கள் பிள்ளை உளியைத் தவறாகப் பிடித்தால் அது "டேய், நிறுத்து" என்று சொல்லாது. தீட்டியது போதுமா, மரம் காய்ந்துவிட்டதா என்பதெல்லாம் கைக்குத்தான் தெரியும். தோட்டத்தில் பழைய தச்சு பாஸ் யாராவது இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கேளுங்க. பத்து வீடியோ பார்ப்பதைவிட அது மேல்.

மரத்துக்குப் பழைய பெட்டிப் பலகையே நல்லது. பலாமரத்தில் கை வைக்க வேண்டாம். அதை வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேணும்.

வீடியோ பார்த்ததற்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைக்கும் வழி இருக்கிறது. எங்கே பழகினாலும், கையில் உள்ள திறமையைச் சோதித்து என்.வி.கியூ. தகைமை வழங்கும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற முறை இலங்கையில் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபை அலுவலகத்தில் விசாரியுங்க. செய்த ஸ்டூல், அலுமாரித் தட்டு எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வேலையைக் காட்டும்போது உதவும்.