முற்றுப்பெறாத தோம்பு

தோம்பு என்னுஞ் சொல்லை நம் முதியோர் நன்கறிவர். போர்த்துக்கேயர் வழி வந்து, ஒல்லாந்தர் காலத்தில் நிலைபெற்ற காணிப் பதிவேடு அது. உரியவன் பெயரும் நிலத்தின் பரப்பும் அதில் உண்டு. வாழ்ந்தோர் நெஞ்சம் இல்லை.

அக்குறையை நிரப்பப் புகுந்தார் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் தா. சனாதனன். போரினால் இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவினின்றும் வரைந்தளித்தனர். அவற்றோடு தம் ஓவியங்களையும் இணைத்து, இத்தலைப்பின் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் 2011இல் அவர் நூலாக்கினார். பயிலாத கைகள் இட்ட கோடுகளை ஓவியம் எனலாமோ என்பாருளர். காணி உறுதியை இழந்தார்க்கு அக்கோடுகளே உறுதி என்பேன் யான்.

1995 ஐப்பசியில் வலிகாமம் ஓரிரவில் பெயர்ந்தது. சண்டிலிப்பாயும் உடன் பெயர்ந்தது. மறு ஆண்டில் மீண்ட நமக்குச் சுவரேனும் எஞ்சிற்று. வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட வீடுகளை உரியோர் பல்லாண்டுகள் கண்ணாலும் கண்டிலர். அரசின்மேல் அவ்வழக்கை உரைக்க நாம் தயங்குவதில்லை.

ஆயின், 1990இல் வடக்கினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளும் இந்நூலில் நம் வீடுகளோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. வெளியேற்றியோர் தமிழரே. அப்பக்கங்களை யான் விரைந்து புரட்ட இயலவில்லை.