பூஜ்யம் பைட்டில் ஒரு வாசல்

நன்றாக ஓடும் ஒரு லினக்ஸ் கணினியை அப்படியே நகலெடுத்து இன்னொரு கணினியில் இறக்குகிறோம். பல ஜிபி கோப்புகள், ஒன்றிலும் பிசகில்லை. ஆனால் புதுக் கணினியை இயக்கினால், தொடக்க கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஓர் எச்சரிக்கை வருகிறது. அதோடு திரை நின்றுவிடுகிறது. வியப்பு என்னவென்றால், உள்ளே கணினி ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். வெளியே பேசத்தான் வழியில்லை.

காணாமல் போனது 'டெவ்' கோப்புறையில் இருக்கவேண்டிய 'கன்சோல்' என்ற சாதனக் கோப்பு. வன்பொருளைக்கூட சாதாரணக் கோப்பைப் போலத் திறந்து, படித்து, எழுத வழிசெய்யும் பெயர்தான் சாதனக் கோப்பு. அதற்குள் ஒரு பைட் தரவுகூடக் கிடையாது. என்ன வகை என்ற குறிப்பும் இரண்டு எண்களும்தான் அதன் சொத்து. எந்த இயக்கியை, அதாவது கருவியைக் கையாளும் நிரலை, அழைக்கவேண்டும் என்று இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு முதல் எண் சொல்லும். அந்த இயக்கியிடம் உள்ளவற்றில் எது என்று இரண்டாவது எண் சொல்லும். கன்சோலுக்கு 5, 1. போட்டதையெல்லாம் விழுங்கும் 'நல்' கோப்புக்கு 1, 3. கேட்கக் கேட்கப் பூஜ்யங்களைக் கொட்டும் 'ஜீரோ'வுக்கு 1, 5. எந்த லினக்ஸ் கணினியிலும் இவை மாறுவதில்லை.

பிறகு நகலில் மட்டும் ஏன் விடுபட்டது? 2009-இல் வந்த 2.6.32 கர்னல் முதல், சாதனக் கோப்புகளை கர்னலே நினைவகத்தில் உருவாக்கித் தருகிறது. அந்தத் தொகுப்பு, வட்டில் இருக்கும் டெவ் கோப்புறையின் மேல் வந்து பொருந்திக்கொள்ளும். கோலத்தின் மேல் பாய் விரித்தது போல, வட்டிலுள்ள பழைய கன்சோல் அடியில் மறைந்துவிடும். நகலெடுக்கும் நிரலிடம் 'வட்டில் உள்ளதை மட்டும் எடு' என்றால், அதற்கு டெவ் வெறுமையாகத்தான் தெரியும். புதுக் கணினியில் கர்னலின் தொகுப்பு வந்து பொருந்தும் முன்பே கன்சோல் தேவைப்பட்டால், அது அங்கே இருக்காது. டெவ்வை அடியோடு ஒதுக்கிவிட்டு நகலெடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் சிக்கல். கர்னல் எல்லாக் கோப்புகளோடும் தயாராக இருந்தாலும், அவற்றைப் பொருத்த ஒரு வெற்றுக் கோப்புறைகூட அங்கே இருக்காது.

அடியில் இருப்பதைப் பார்க்க அழகான வழி ஒன்று உண்டு. மூல வட்டின் உச்சக் கோப்புறையை 'பைண்ட் மவுண்ட்' முறையில் இன்னோர் இடத்திலும் பொருத்தினால், அங்கே மேல்பொருத்தம் எதுவும் இல்லாமல் வட்டு அப்படியே தெரியும். அந்த வழியில் நகலெடுத்தால், வட்டில் இருந்தது விடுபடாது. அங்கும் இல்லையென்றால் 'எம்கேநாட்' கட்டளையிடம் பெயரையும் வகையையும் இரண்டு எண்களையும் கொடுத்தால் போதும். ஒரே வரியில் கன்சோல் பிறந்துவிடும்.

கன்சோல் இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். 'நல்' இல்லாததுதான் கள்ளத்தனமான கோளாறு. வேண்டாத வெளியீட்டையெல்லாம் நிரல்கள் அதில்தான் கொட்டும். அது இல்லாதபோது, ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் அங்கே எழுதினால், அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பு பிறந்துவிடும்! பிழைச்செய்தி எதுவும் வராது. விழுங்கவேண்டியது சேமிக்கத் தொடங்கும், இடம் நிறைந்துகொண்டே போகும். அதிலிருந்து எதுவும் வராது என்று நம்பிப் படிக்கும் நிரலுக்கோ பழைய குப்பை வந்து சேரும். கண்டுபிடிக்க, விரிவான கோப்புப் பட்டியலில் அந்த வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'சி' இருந்தால் சாதனக் கோப்பு. வெறும் கோடு இருந்தால், அழித்துவிட்டு 1, 3 என்று புதிதாக உருவாக்க வேண்டியதுதான்.