ஆடிக் கிருத்திகை நிலா: இணையத்தில் வானியல் படிக்க ஓர் அளவுகோல்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் காவடிக் கூட்டத்தை நாடறியும். அன்றைய வானத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. சந்திரன் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம் வரும் நாளே கிருத்திகை. ஆடியில் அந்த நிலா எப்போதும் தேய்பிறை நிலாதான். நள்ளிரவையொட்டியோ அதற்குப் பிறகோ கிழக்கில் எழும். கார்த்திகை மாதக் கிருத்திகையிலோ நிலா பௌர்ணமியை நெருங்கி, மாலையிலேயே ஏறிவிடும். ஆடியில் சூரியன் கடக ராசியில் இருக்கிறது. கார்த்திகை நட்சத்திரம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 50 முதல் 90 பாகை தள்ளி, மேஷ ரிஷப எல்லையில் இருக்கிறது. நான்கு மாதம் கழித்துச் சூரியன் விருச்சிகத்துக்குப் போனதும் இரண்டும் ஏறக்குறைய எதிரெதிராக நிற்கின்றன. பஞ்சாங்கத்தில் நாள் கிடைக்கும். காரணத்தைக் கண்ணால் பார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச வான்வரைபட மென்பொருள் போதும். ஊரையும் தேதியையும் மாற்றினால் வானம் மாறுவதைத் திரையிலேயே காணலாம்.

இயற்பியலும் வானியலும் படிக்க இணையத்தில் பஞ்சமே இல்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல்லில் கல்லூரிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1961 முதல் 1963 வரை கால்டெக்கில் ரிச்சர்ட் ஃபைன்மன் நடத்திய விரிவுரைகளை இன்று யாரும் இணையத்தில் படிக்கலாம். நாசாவின் தளம் 1995 முதல் தினமும் ஒரு வானியல் படத்தை விளக்கத்தோடு வெளியிடுகிறது. இத்தனைக்கும் நடுவில் எதைத் தேர்வது என்பதுதான் சிக்கல். அதற்கு ஓர் அளவுகோல் உண்டு: தளம் சொல்வதை மாணவர் தம் ஊரிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

ஊர் முக்கியம் என்பதற்கு வலுவான சான்று வானமே. ஐரோப்பிய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதிய தளங்களில் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர்மேலே வராது. திருத்தணி வடக்கே சுமார் 13.2 பாகை அகலாங்கில் இருப்பதால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் மறைந்துவிடும். அது பகல் சரியாக 12 மணிக்கு நிகழாது. ஏப்ரலில் சுமார் 10 நிமிடமும் ஆகஸ்டில் சுமார் 15 நிமிடமும் தாமதமாகும். இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்குக்குரியது. திருத்தணி அதற்கு மேற்கே இருக்கிறது. லண்டனில் ஒருபோதும் உதிக்காத அகத்திய நட்சத்திரம், பிப்ரவரி இரவுகளில் இங்கே தெற்கில் 24 பாகை உயரம் வரை ஏறும். இவற்றைத் திரையில் முன்கூட்டிக் கணித்து, வெளியே போய் ஒப்பிடுபவருக்கு அகலாங்கு, நெட்டாங்கு இரண்டும் மனப்பாடப் பாடமாக இருக்காது.

இயற்பியலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் தளத்தில் ஊசல் சோதனை ஒன்று உண்டு. அதில் ஈர்ப்பை நிலவுக்கு மாற்றினால், ஒரு மீட்டர் ஊசலின் அலைவுநேரம் 2 விநாடியிலிருந்து சுமார் 5 விநாடியாகும். நிலவுக்குப் போய்ச் சோதிக்க முடியாது. பூமிக் கணக்கைச் சோதிக்கலாம். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு 20 அலைவுகளை எண்ணினால் ஏறத்தாழ 40 விநாடி வரவேண்டும். வராவிட்டால் நூலின் நீளத்தை அளந்ததிலோ எண்ணியதிலோ எங்கே பிசகு என்று தேட வேண்டும். அந்தத் தேடல்தான் இயற்பியல்.

‘எல்லாம் ஆங்கிலத்தில் அல்லவா இருக்கிறது?’ என்ற கேள்வி நியாயமானது. ஃபைன்மன் விரிவுரைகள் போன்றவற்றுக்கு அது பொருந்தும். ஆனால் ஃபெட்டின் பல சோதனைகள் தமிழில் உள்ளன. ஸ்டெல்லேரியத்துக்குத் தமிழ் இடைமுகம் உண்டு. தமிழ்நாடு பாடநூல்களைத் தமிழிலேயே பதிவிறக்கலாம். செய்து பார்க்கும் கருவிகளுக்கு மொழித் தடை குறைவு, நீண்ட விரிவுரைகளுக்கு அதிகம். ஆகவே தமிழ்வழி மாணவர் கருவிகளில் தொடங்குவதே சரி. ‘நீட் தேர்வுக்கு இது உதவுமா?’ என்பது அடுத்த கேள்வி. மதிப்பெண்ணுக்குக் கணக்குப் பயிற்சி வேண்டும். எந்தச் சோதனையும் அதற்கு ஈடாகாது. ஆனால் சமன்பாட்டில் நீளம் நான்கு மடங்கானால் அலைவுநேரம் ஏன் இரண்டு மடங்கு மட்டும் ஆகிறது என்பதைக் கண்டவர், கேள்வியைப் புரட்டிக் கேட்டாலும் தடுமாற மாட்டார்.

இந்தப் பழக்கம் பொய்ச் செய்திகளிலிருந்தும் காக்கும். ‘ஆகஸ்ட் 27இல் செவ்வாய் நிலவளவு தெரியும்’ என்ற வதந்தி 2003க்குப் பிறகு பலமுறை சுற்றிவந்தது. செவ்வாய் மிக அருகில் வரும்போதும் அதன் தோற்ற விட்டம் சுமார் 25 விகலைதான். நிலவுக்கோ சுமார் 1,800 விகலை. வான்வரைபடத்தில் தேதியைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் குட்டு வெளிப்படும். எனவே மாணவர்களுக்கு இணைய முகவரிப் பட்டியல் கொடுக்கும் பள்ளி, ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் அளந்து வரவேண்டிய ஒன்றையும் எழுதித் தரட்டும். அப்படி எழுத எதுவுமில்லாத முகவரியைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளலாம்.